வேகத்தடைக்கு அளவுகோல் வேண்டும்

ஒரு தெருவில் வேகத்தடை எப்படிப் பிறக்கிறது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையையோ பால் வாங்கப் போன மூதாட்டியையோ ஒரு வண்டி அடித்துப்போட்டுவிடும். ஊர் திரண்டு சாலை மறியலில் உட்காரும். காவல் ஆய்வாளர் வருவார், வட்டாட்சியர் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். மறுநாள் இரவு ஒரு லாரியில் தார்க்கலவை வந்து இறங்கும். நாலு பேர் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிப் பரப்புவார்கள். ரோலர் வராவிட்டால் என்ன, அவ்வழியே போகும் லாரிகளின் சக்கரங்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். விடிந்தால் சாலையின் குறுக்கே ஒரு மேடு கிடக்கும். அதற்கு வெள்ளைக் கோடு அடிக்க ஆள் வர மாதக்கணக்காகும், வராமலும் போகும்.

அந்த மேட்டை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தால் அங்கே கால் மணி நேரம் நின்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டுகூட நிற்கலாம். பிரேக் கிரீச்சிடும் சத்தம், மேட்டில் ஏறி இறங்கும் தடதடப்பு, உடனே ஆக்சிலேட்டரை முறுக்கும் உறுமல், அதன் பின்னாலேயே ஒரு வாடை. மேட்டுக்கு முன்னால் நிற்பவரைவிட, மேட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளி நிற்பவருக்குத்தான் மூக்கு அதிகம் எரியும். வருவது பழைய டீசல் வண்டியாக இருந்தால் புகை கண்ணுக்கே தெரியும்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிகள் வாதாடுகின்றன. 'வேகத்தடை போட்டதால்தான் பெட்ரோல் வீணாகிறது, காற்று கெடுகிறது, இடுப்பு ஒடிகிறது' என்பது வண்டி ஓட்டுபவர்களின் கட்சி. 'புகை பெரிதா, பிள்ளையின் உயிர் பெரிதா' என்பது தெருவில் குடியிருப்பவர்களின் கட்சி. இரண்டாவது கேள்விக்கு எவரும் எதிர்ப்பேச்சு பேச முடியாது. அதனால் விவாதம் அங்கேயே முடிந்து, மேடு அப்படியே நின்றுவிடுகிறது. உயிரா புகையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி பல ஆண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. நாம் தார் கொட்டும் இரவில் அந்த ஏட்டைத் திறப்பதில்லை.

முதல் கட்சியின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2001-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மேடு, சாலைக் குறுக்கம் என்று பலவகை வேகத்தணிப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்ட தெருக்களில் கார்களின் வேகம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். பிறகு அதே ஏற்ற இறக்கத்தோடு கார்களை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டிப் புகையைப் பிடித்து அளந்தார்கள். வினையூக்கி பொருத்திய பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடு 59 சதவீதம் கூடியிருந்தது. எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் எல்லா வகைக் கார்களிலும் ஏறக்குறையப் பாதியளவு கூடியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு 20 முதல் 26 சதவீதம் வரையும், டீசல் கார்களின் நுண்துகள் 30 சதவீதமும் உயர்ந்திருந்தன.

வேகத்தடையை எதிர்ப்பவர்கள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: இத்தகைய ஏற்பாடுகளால் அந்தத் தெருக்களின் காற்று மோசமாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கார் விடும் புகையும் கூடினாலும், குடியிருப்புத் தெருவில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. 2013-இல் லண்டன் 'சிட்டி' நிர்வாகத்துக்காக இம்பீரியல் கல்லூரி மணிக்கு 20 மைல் வேகவரம்பைப் பற்றி ஆய்ந்தபோதும் கலவையான விடைதான் கிடைத்தது. பெட்ரோல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு சற்றுக் கூடியது, டீசல் கார்களில் குறைந்தது. இந்த வரம்பு காற்றைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே கருதுவது தவறு என்று அது முடித்தது.

ஒரே நோக்கத்துக்கான மேடும் வேகவரம்பும் இப்படி வெவ்வேறு விடை தருவானேன்? பத்தாம் வகுப்பு இயற்பியலே இதற்குப் போதும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் எடையையும், வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, வேகத்தடையில் 15-க்கு இறங்கி, மறுபடி 40-ஐ எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது பிரேக்கில் சூடாகிப் போன ஆற்றலை, ஏறும்போது பெட்ரோலை எரித்துத்தான் மீட்க வேண்டும். எரியும் பெட்ரோலில் கால்வாசி ஆற்றலே சக்கரத்துக்கு வந்து சேரும் என்று கொண்டால், ஒரு மேட்டுக்கு ஏறக்குறைய 8 மில்லி பெட்ரோல் ஆகிறது. அதிலிருந்து சுமார் 18 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். 15 டன் எடையோடு நிரம்பி வழியும் பேருந்து என்றால் இதே கணக்கில் 80 மில்லிக்கு மேல் டீசல் செலவாகும். ஒரு பேருந்து ஒரு நடையில் எத்தனை மேடு ஏறி இறங்குகிறது, நாளைக்கு எத்தனை நடை போகிறது என்று அதன் ஓட்டுநரைக் கேளுங்கள். கணக்கை அவரே முடித்துவைப்பார், கூடவே முதுகுவலியைப் பற்றியும் சொல்வார்.

இப்போது கணக்கில் ஒரேயொரு மாற்றம் செய்வோம். அதே கார் அந்தத் தெருவில் 30-இல்தான் வருகிறது. மேடும் 25-இல் தாண்டக்கூடியதாக, சரியான வளைவோடு கட்டப்பட்டிருக்கிறது. இழக்கும் ஆற்றல் முன்பு இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. 8 மில்லி எரிந்த இடத்தில் ஒன்றரை மில்லிதான் எரியும். சாலையைக் கடக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் கூடியிருக்கிறது, ஏனென்றால் மேட்டில் மட்டும் அல்லாமல் தெரு முழுவதும் வண்டி மெதுவாகத்தான் போகிறது. மெதுவாகப் போவதால் வரும் புகை கொஞ்சம். வேகத்தை ஏற்றி இறக்கி ஏற்றுவதால் வரும் புகைதான் அதிகம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

சாலை மேட்டின் வரலாற்றில் இரண்டு பெயர்களைச் சொல்லியாக வேண்டும். முதலாமவர் ஆர்தர் காம்ப்டன். 1927-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, வளாகத்துக்குள் வேகமாகப் பாயும் கார்களைக் கண்டு கவலைப்பட்டு, 1953-இல் தானே உட்கார்ந்து ஒரு மேட்டை வடிவமைத்தார். எக்ஸ் கதிரும் எலெக்ட்ரானும் மோதிக்கொள்வதை ஆராய்ந்தவர் காரும் மேடும் மோதுவதையும் விட்டுவைக்கவில்லை! இரண்டாமவர் வாட்ஸ் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர். பலவித உயரத்திலும் நீளத்திலும் மேடுகள் கட்டி, வண்டிகளை ஓட்டிப் பார்த்து 1973-இல் முடிவுகளை வெளியிட்டார். குட்டையாகவும் செங்குத்தாகவும் உள்ள மேடு பயணியின் முதுகெலும்பைத்தான் தாக்குகிறது. வேகமாகப் போனால் சில சமயம் அதிர்ச்சியே தெரியாமல் தாண்டிவிடவும் முடிகிறது. 12 அடி நீளமும் 4 அங்குல உயரமும் உள்ள வட்ட வளைவு மேடோ, மெதுவாகப் போகிறவரைத் தொந்தரவு செய்யாமல் வேகமாக வருபவரை மட்டும் தூக்கிப்போடுகிறது. வாட்ஸ் கண்ட வடிவம் இது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட நெறிமுறையைப் புரட்டினால் அதே மேடு மெட்ரிக் அளவில் நமக்கு முன்னால் நிற்கும்: 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்ட வேண்டும், 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். நீண்ட தெருவில் ஒன்று போட்டால் போதாது, 100 முதல் 120 மீட்டர் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. இந்தக் கடைசி விதி எரிச்சலூட்டலாம். ஆனால் புகைக் கணக்கில் இதுதான் உயிர்நாடி. அடுத்த மேடு 100 மீட்டரில் வரும் என்று தெரிந்தவர் இடையில் 50-க்கு முறுக்க மாட்டார், 30-இலேயே சீராகப் போவார். ஒரே ஒரு மேடு போட்டுவிட்டு மீதி அரைக் கிலோமீட்டரை நேர்க்கோடாக விட்டால், மேட்டில் இழந்த நேரத்தைப் பிடிக்க எல்லோரும் பறப்பார்கள்.

நம் தெருவுக்கு வருவோம். 3.7 மீட்டர் இருக்க வேண்டிய மேடு ஒரு மீட்டர்கூட இல்லாமல், ஆடு படுத்திருப்பதைப் போலக் கிடக்கிறது. அதைத் தாண்ட 25 வேகம் உதவாது. கார் ஏறக்குறைய நின்றுதான் போக வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர் ஓரத்தில் தண்ணீர் ஓட விட்ட சந்தில் நுழைந்து போய்விடுவார், அந்தச் சந்தில்தான் நடந்து போகிறவரும் இருப்பார். ரப்பர் துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கிய மேடென்றால் ஆறு மாதத்தில் பாதித் துண்டுகள் காணாமல் போய், போல்ட் மட்டும் டயருக்காகக் காத்து நிற்கும். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ஒரே இரவில் மேடு மறைந்து, அவர் போன பிறகு புதிய உயரத்தில் முளைப்பதையும் பார்த்திருக்கிறோம். இருட்டில், பட்டையும் பலகையும் இல்லாத மேட்டில் தூக்கியெறியப்பட்டு இறந்தவர்களை எந்தக் கட்சியின் கணக்கில் சேர்ப்பது? உயிரைக் காக்கப் போட்டது உயிரையும் வாங்குகிறது, புகையையும் கக்கவைக்கிறது.

பேருந்துப் பாதைகளில் இந்தக் கொடுமை இரட்டிப்பாகும். 2024-இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியில் வருபவரும் முழங்கால் வலிக்காரரும் சிரமமின்றி ஏறுவதற்காக வந்தவை அவை. உயரம் மீறிய மேடு அவற்றின் அடிவயிற்றை உரசும். கனரக வண்டிகள் போகும் சாலைக்கு மேட்டின் இருபுறமும் நீண்ட சரிவு வைக்க வேண்டும் என்று அதே நெறிமுறையில் தனியாக எழுதியிருக்கிறது. அறுபது பேரைச் சுமக்கும் வண்டியை ஒவ்வொரு மேட்டிலும் முதல் கியருக்கு இறக்கிவிட்டு, பொதுப் போக்குவரத்தை வளர்ப்போம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மேடே இல்லாமல் வேகவரம்பு மட்டும் வைத்தால்? சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் புதிய வரம்புகளை அறிவித்தது. இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லாவற்றுக்கும் 30. கடைசி எண் அருமையானது. பாரிஸ் 2021-இல் நகரின் பெரும்பாலான தெருக்களுக்கு வைத்த அதே எண். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தெருக்களில் பாதிக்கு மேல் 30 வரம்பு உள்ள ஹெல்சிங்கியில், 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சீராக 50-இல் போகும் கார், சீராக 30-இல் போகும் காரைவிடக் கிலோமீட்டருக்குக் குறைவாகவே பெட்ரோல் குடிக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சின் திறமையாக வேலை செய்யாது என்பதால் இது. புள்ளிவிவரத்தோடு வருகிற எதிர்ப்பாளர்கள் இதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் தியாகராய நகரிலோ மதுரை மாசி வீதியிலோ 'சீராக 50-இல்' போனவரை யாராவது பார்த்ததுண்டா? நகரத்தில் சராசரி வேகம் 20 என்றால் எல்லோரும் 20-இல் உருள்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 50-க்குப் பறந்து, சிக்னலில் நின்று, மறுபடி 50-க்குப் பறந்து, மாட்டுக்கு நின்று, அதன் கூட்டல் கழித்தலில் வந்த 20 அது. ஒருமுறை 50-இலிருந்து நிற்கும்போது வீணாகும் ஆற்றல், 30-இலிருந்து நிற்கும்போது வீணாவதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. உச்சத்தை வெட்டினால் சராசரி பெரிதாகக் குறையாது; புகைதான் குறையும்.

ஆனால் 30 என்று பலகை நட்டுவிட்டால் 30-இல் போவார்களா என்றால், மாட்டார்கள். கால் தானாகவே ஆக்சிலேட்டரை மிதிக்கும்படி நாற்பதடி அகலத்தில் நேராகச் சாலை போட்டுவிட்டு, ஓரத்தில் பலகை வைப்பதால் என்ன பயன்? சாலையின் உருவமே வேகத்தைச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1960-களின் இறுதியில் தெருவாசிகளே பூந்தொட்டிகளையும் மரங்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, வண்டிகள் வளைந்து வளைந்து மட்டுமே போகும்படி செய்தார்கள். 1976-இல் அரசு அதைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. வளைந்து போகிறவர் பிரேக் போட்டுப் பிரேக் போட்டுப் போவதில்லை. தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் போகிறார்.

நமக்கு இதில் புதிதாக இறக்குமதி செய்ய ஒன்றுமில்லை. சந்திப்பில் நடைபாதையை இரு பக்கமும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தால் சாலை குறுகும். வண்டி தானாகத் தணியும். கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் குறையும். ரவுண்டானா இருந்தால் யாரும் முழுதாக நிற்க வேண்டாம், 20-இல் சுற்றிப் போகலாம். அண்ணா நகரில் ஒரு நிறுத்தத்துக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறோம். பள்ளி வாசலில் கடவையை நடைபாதை மட்டத்துக்கு அகலமாக உயர்த்திவிட்டால் அதுவே மேடாகவும் இருக்கும், பிள்ளைகள் இறங்கி ஏறாமல் நடக்கும் பாலமாகவும் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வழக்கமான செங்குத்து மேட்டைச் சரியாகப் பள்ளி வாசலுக்கு நேரே போட்டால், அதைத் தாண்டி முறுக்கும் ஒவ்வொரு வண்டியின் உச்சப் புகையும் பேருந்துக்காக நிற்கும் பிள்ளைகளின் மூக்குக்கு நேராகவே போய்ச் சேரும். வேகத்தை அதற்கு நெடுமுன்னரே தணித்து, வாசலைச் சீராகக் கடக்கவைப்பதில்தான் பொறியாளரின் கைவண்ணம் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. எந்த மேட்டருகிலும் அதை அளக்க முடியாது. தெருமுனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்க நாம் ஸ்கூட்டர் எடுக்கிறோம். எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். முதல் சில நிமிடங்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே நம் பயணங்களிலேயே கிலோமீட்டருக்கு அதிக நச்சு விடுவது அந்தக் குட்டிப் பயணந்தான். ஏன் நடந்து போகவில்லை என்று கேட்டால், 'தெருவில் நடக்கவா முடிகிறது?' என்பதே பதில். வண்டிகள் தணிந்து, நடக்கச் சற்று இடம் இருந்தால் அந்த ஸ்கூட்டர் வீட்டிலேயே நிற்கும். எரியாத பெட்ரோலுக்குப் புகை கிடையாது. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது வணிகர்கள் பயந்தார்கள். இன்று மாலையில் அங்கே போய்ப் பார்த்தால் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். ஒரு பாண்டி பஜாரை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் பெருமை பேசுவது என்பதுதான் என் குறை.

மின்வண்டி வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சிலர் நினைக்கலாம். மின்வண்டி பிரேக் பிடிக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் டயர் தேயும்போதும் பிரேக் கட்டை உரசும்போதும் பறக்கும் தூள் அதிலும் உண்டு. கனமான மின்கலத்தால் டயர் தேய்மானம் கூடவும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகளில் முதன்முறையாகப் பிரேக் துகள்களுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. புகைக்குழாயே இல்லாத வண்டியையும் அது விட்டுவைக்கவில்லை. வேகத்தை ஏற்றி இறக்கும் பழக்கம் இருக்கும்வரை தூளும் பறக்கும்.

மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. புதிய மேடு போடுவதை ஓராண்டு நிறுத்திவிட்டு, இருப்பதைக் கணக்கெடுக்கட்டும். அளவுக்கு ஒவ்வாததைப் பெயர்த்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் உரிய வளைவோடும் இடைவெளியோடும் கட்டட்டும். மறியல் நடந்த இடத்தில் மறுநாளே ஏதாவது செய்து காட்ட வேண்டிய நெருக்கடி அதிகாரிகளுக்கு இருப்பது புரிகிறது. அதற்கும் தயாராக ஓர் அச்சு வைத்துக்கொள்ளலாம். சரியான வளைவில் வெட்டிய ஒரு மரச்சட்டம் போதும். அதைக் குறுக்கே வைத்துப் பார்த்தபடி அதே தார்க்கலவையை அதே இரவில் கொட்டலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனார் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, போக்குவரத்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில் உங்கள் தெரு வேகத்தடையை அளந்து பாருங்கள். 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இல்லாவிட்டால் ஒரு படம் எடுத்து, அளவையும் எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913-ஐ அழைத்தாலே புகாரைப் பதிந்துகொள்வார்கள்.